விழித்த நிலை மூளை அறுவையில் பேச்சைக் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவையின்போது விழித்திருக்கும் நோயாளியின் மூளைச் சிக்னலிலிருந்து அவர் பேசும் ஒலிகளைக் கண்டறிவது பற்றி, நோயாளியின் வீட்டார், மருத்துவ மாணவர்கள், கணினித் துறையிலிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் என மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. அடிப்படையில் தொடங்கிப் போகப்போகச் சிக்கலாகும்.

1. மண்டையைத் திறந்து வச்சிருக்கும்போது ஒருத்தர் எப்படி முழிச்சிட்டு இருக்க முடியும்? வலிக்காதா?

மூளைத் திசுவில் வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. வலிப்பது தலைத்தோல், அதன் கீழுள்ள தசை, எலும்பின் மேலுறை, மூளையை மூடியிருக்கும் டியூரா உறை ஆகியவைதான். அதனால் தலைத்தோலுக்கு வரும் நரம்புகளைச் சுற்றி, புருவத்துக்கு மேல், காதுக்கு முன், பிடரியில் என்று, பியூபிவகெயின் அல்லது ரோபிவகெயின் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். தலையை அசையாமல் பிடிக்கும் கவ்வியின் மூன்று ஊசிகள் பதியும் இடங்களுக்கும் தனியாக மருந்து உண்டு. டியூராவில் ரத்தக்குழாய் ஓடும் பாதையை ஒட்டிய பகுதி கூச்சம் மிகுந்தது. அங்கேயும் மரத்துப்போகும் மருந்து தேவைப்படும்.

பெரும்பாலும் மண்டையோட்டைத் திறக்கும்வரை புரோபோஃபால், ரெமிஃபென்டானில் போன்ற மருந்துகளால் தூங்க வைப்பார்கள். திறந்ததும் அவற்றை நிறுத்தி எழுப்புவார்கள். வேலை முடிந்தபின் மறுபடி தூக்கம், அல்லது லேசான மயக்கம். விழித்திருக்கும் நேரத்தில் நோயாளிகள் குறைசொல்வது மூளையைப் பற்றி அல்ல. ஒரே பக்கமாகப் படுத்து மரத்துப்போன தோள், சிறுநீர்க் குழாயின் எரிச்சல், வறண்ட வாய், குளிர் ஆகியவைதான் அவர்களைப் படுத்தும்.

2. எதுக்கு முழிக்க வைக்கணும்? மயக்கத்திலேயே செஞ்சுட்டா ஆகாதா?

கட்டியோ வலிப்பு கிளம்பும் இடமோ பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் இருந்தால், எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தாக வேண்டும். பாடப்புத்தகப் படம் இதற்கு உதவாது. நரம்பு அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஓஜ்மனின் குழு 1989-இல் 117 நோயாளிகளின் மொழி வரைபடங்களை ஒப்பிட்டபோது, ஒவ்வொருவருக்கும் முக்கியமான இடம் சிறியதாகவும், ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுவதாகவும் இருந்தது. நோயாளி பேசினால்தான் அவருடைய வரைபடம் கிடைக்கும்.

செய்முறை எளிது. 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு முனைகள் கொண்ட கோலால் மூளையின் மேற்பரப்பைத் தொட்டு, நொடிக்கு 50 அல்லது 60 துடிப்பு வீதம் சில நொடிகள் மின்சாரம் கொடுப்பார்கள். 1 அல்லது 2 மில்லிஆம்பியரில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் திரையில் ஒரு படம் தோன்றும், நோயாளி அதன் பெயரைச் சொல்ல வேண்டும். பேச்சு நின்றாலோ, பொருள் தெரிந்தும் பெயர் வரவில்லை என்றாலோ அந்த இடத்தில் எண் எழுதிய சிறு காகிதத்துண்டை வைப்பார்கள். ஒருமுறை தடுமாறியது போதாது. ஒரே இடத்தை இடைவெளி விட்டு மூன்று முறை சோதித்து, இரண்டு முறையாவது தடுமாறினால்தான் கணக்கில் சேரும்.

3. அப்போ பேச்சை "படிக்கிறது"ன்னா இந்தக் கரண்ட் குடுக்குறதுதானா?

இல்லை, இது நேர்எதிர்த் திசை. மேலே சொன்னது மூளைக்குள் மின்சாரத்தைச் செலுத்துவது. பேச்சைக் கண்டறிவதில் எதையும் செலுத்துவதில்லை. மூளை தானாக எழுப்பும் மின்னழுத்த மாற்றங்களை, மேற்பரப்பில் வைத்த மெல்லிய எலக்ட்ரோடு தாள் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான். இதற்கு எலக்ட்ரோகார்டிகோகிராஃபி என்று பெயர். சுருக்கமாக ஈகாக்.

மூளை திறந்திருக்கிறது, நோயாளி விழித்துப் பேசுகிறார், வரைபடத்துக்காக எலக்ட்ரோடு எப்படியும் வைக்கப்படுகிறது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவரும் வாய்ப்பைத்தான் ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பார்க்கின்சன் நோய்க்கு ஆழ்மூளைத் தூண்டல் கருவி பொருத்தும் அறுவையிலும் நோயாளி விழித்திருப்பார் என்பதால், அங்கேயும் இதே வேலை நடக்கிறது. வித்தியாசம், அங்கே மண்டையோட்டில் சிறு துளைதான் இருக்கும். அதன் வழியே நுழையும் அளவுக்கு எலக்ட்ரோடு தாள் ஒடுங்கியதாக இருக்க வேண்டும்.

4. எங்கே வைக்கிறாங்க? ப்ரோகா ஏரியாதானே பேச்சுக்கு?

பேச்சை இழந்த ஒரு நோயாளியின் இடது முன்மடலில் கண்ட சேதத்தைப் பிரெஞ்சு மருத்துவர் பால் ப்ரோகா 1861-இல் அறிவித்த பிறகு அந்த இடத்துக்குப் பெரிய பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் ஒலியைக் கண்டறிய அது சுமாரான இடம்தான். வாய் திறந்து பேசும் கணத்தில் ப்ரோகா பகுதி பெரும்பாலும் அமைதியாகிவிடுகிறது என்பதை 2015-இல் ஈகாக் பதிவுகள் காட்டின. விழித்த நோயாளிகளின் மூளையில் சிறு இடங்களைக் குளிர்வித்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், ப்ரோகா பகுதியைக் குளிர்வித்தால் பேச்சின் வேகம் மாறியது. பேச்சு இயக்கப் பகுதியைக் குளிர்வித்தால் உச்சரிப்பே குழறியது.

ஆகவே முதல் தேர்வு மையப் பள்ளத்தின் இருபுறமும் கீழ்ப்பாதியில் இருக்கும் உணர்வு-இயக்கப் புறணி (புறணி என்பது மூளையின் மேலடுக்கு). உதடு, தாடை, நாக்கு, குரல்வளை ஆகியவற்றின் கட்டுப்பாடு அங்கே அடுத்தடுத்து, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிந்து அமைந்திருக்கிறது. கலிஃபோர்னியா சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் சாங் குழு 2013-இல் இதைத் தெளிவாக வரைந்து காட்டியது. கேட்கும் ஒலியைப் படிக்க வேண்டுமென்றால் பொட்டுமடலின் மேல்மடிப்பு. ஒரு கூடுதல் தகவல்: மொழி பெரும்பாலோருக்கு இடப்பக்கம் என்றாலும், வாயை அசைக்கும் பகுதி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. வலப்பக்க அறுவையிலும் பயனுள்ள பதிவு கிடைக்கும்.

5. சிக்னல்ல எதைப் பார்த்து "இது ப"ன்னு சொல்றீங்க?

70 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளின் வலிமையைப் பார்க்கிறோம். இதை உயர்காமா என்பார்கள். எலக்ட்ரோடுக்கு அடியிலுள்ள நரம்பணுக்கள் கூட்டாக எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்பதற்கு இது நல்ல அளவுகோல். அலையின் வடிவத்தை அல்ல, அது எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

"ப" என்ற எழுத்துக்கென்று மூளையில் தனி இடம் கிடையாது. இரண்டு உதடும் மூடுவது, குரல்வளை எப்போது அதிரத் தொடங்குகிறது, மூக்குக்குப் போகும் வழி திறந்திருக்கிறதா என்பதுபோன்ற அசைவுகளின் கலவைதான் பதிவாகிறது. அதனால் பிழைகளும் அதே ஒழுங்கில் வரும். "ப"வை "ம" என்று மாற்றிச் சொல்லும், இரண்டுக்கும் உதடு மூடுகிறது. "த"வை "ந" என்று சொல்லும், இரண்டுக்கும் நாக்குநுனி மேலே போகிறது. "ப"வை "க" என்று சொல்வது அரிது. பிழைகள் இப்படிக் கொத்துக்கொத்தாக விழுந்தால் டிகோடர், அதாவது சிக்னலிலிருந்து ஒலியை ஊகிக்கும் கணினி நிரல், உண்மையிலேயே உச்சரிப்பைப் பார்க்கிறது என்று அர்த்தம். பிழைகள் எல்லாத் திசையிலும் சிதறினால் சந்தேகப்பட வேண்டும்.

6. எலக்ட்ரோடு எவ்வளவு பெருசு? நிறைய இருந்தா நல்லதா?

மருத்துவப் பயன்பாட்டில் பழகிய தாள் சிலிக்கோனால் ஆனது. அதில் பிளாட்டினம் வட்டுகள் 10 மி.மீ. இடைவெளியில் இருக்கும். வலிப்பு கிளம்பும் இடத்தைத் தேட இது போதும், ஒலியைப் பிரிக்கப் போதாது. நாக்குக்கும் உதட்டுக்கும் உரிய இடங்கள் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. அதனால் ஆராய்ச்சியில் 4 மி.மீ. இடைவெளி வழக்கமானது. டியூக் பல்கலைக்கழகக் குழு 2 மி.மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் 128 அல்லது 256 எலக்ட்ரோடு கொண்ட நெகிழ்தாள்களை அறுவையின்போது பயன்படுத்தி, 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. பிரிசிஷன் நியூரோசயன்ஸ் நிறுவனத்தின் தாளில் 1,024 எலக்ட்ரோடுகள். 30 நாள் வரை வைத்திருக்க 2025-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி தந்தது.

மேற்பரப்பில் வைக்காமல் உள்ளே குத்துபவையும் உண்டு. நியூரோபிக்சல்ஸ் என்ற ஊசியின் நீளம் 10 மி.மீ. அதில் 960 பதிவுப்புள்ளிகள் உள்ளன, ஒரே நேரத்தில் 384 வேலை செய்யும். தனித்தனி நரம்பணுக்களின் துடிப்பே கிடைக்கும். இப்படி ஒன்பது இடங்களில் பதிந்த 685 நரம்பணுக்களை வைத்து, கேட்கும் பேச்சு புறணியின் அடுக்குகளில் எப்படிப் பிரிகிறது என்று காட்டினார்கள். முடியளவு மெல்லிய ஊசி என்பதால் மனித மூளையின் துடிப்பில் உடையும் ஆபத்து இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கென்று தடித்த ஊசி தேவைப்பட்டது. எண்ணிக்கை கூடினால் மட்டும் நல்லது என்றில்லை. தாள் விளிம்பு மடங்கிப் பாதி எலக்ட்ரோடு மூளையைத் தொடாவிட்டால் 256 இருந்தும் 128 தான்.

7. தியேட்டர்ல வரிசையா என்னதான் நடக்கும்?

ஓரிரு நாள் முன்பே படங்கள், சொற்கள், கேட்டுச் சொல்லும் பயிற்சி எல்லாம் நோயாளியோடு உட்கார்ந்து ஒத்திகை பார்க்கப்படும். அவர் தடுமாறும் படங்களை அப்போதே நீக்கிவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் தியேட்டரில் ஏற்படும் தடுமாற்றம் மின்தூண்டலால் வந்ததா, படமே தெரியாததால் வந்ததா என்று தெரியாது.

அறுவையன்று டியூரா திறந்து, நோயாளி எழுந்து, தன் பெயரையும் நாளையும் தெளிவாகச் சொன்ன பிறகுதான் தாளை வைப்பார்கள். சலைனால் நனைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் படியவிட்டு, கேபிளை மூடுதுணியில் தைத்தோ கிளிப்போட்டோ நிறுத்துவார்கள். கேபிள் இழுபட்டால் தாள் நகர்ந்துவிடும். ஒப்பீட்டு எலக்ட்ரோடும் தரை இணைப்பும் சரியா, மின்தடை ஏற்கத்தக்க அளவில் இருக்கிறதா என்று ஒரு நிமிடச் சோதனை. பிறகு தாள் எந்த மடிப்பில் இருக்கிறது என்பதற்கு ஒளிப்படமும், வழிகாட்டிக் கருவியில் நான்கு மூலைகளின் இடக்குறிப்பும். ஒளிப்படத்தை மறந்தால் பிற்பாடு எந்த எலக்ட்ரோடு எங்கே இருந்தது என்று ஊகிக்க வேண்டியதுதான்.

மைக்கின் ஒலி மூளைச் சிக்னல் பதிவாகும் அதே கருவிக்குள் ஒரு வழித்தடமாகப் போக வேண்டும். தனி ரெக்கார்டரில் பதிந்து பிறகு கைதட்டலை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். இரண்டு கடிகாரங்கள் பத்து நிமிடத்தில் விலகும் தூரம் ஒரு மெய்யெழுத்தின் நீளத்தை விழுங்கப் போதுமானது. அதன்பின் முப்பது விநாடி அமைதியான பதிவு, பிறகு பேச்சுப் பயிற்சி. நொடிக்கு 2,000 மாதிரிகளாவது எடுத்தால் உயர்காமா சேதாரமின்றிக் கிடைக்கும்.

8. மொத்தமா எவ்வளவு நேரம் கிடைக்கும்? அதுல என்ன தேறும்?

ஆராய்ச்சிக்கென்று ஒதுக்குவது சாதாரணமாக 15 முதல் 20 நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சொல்லைக் கேட்டு, சற்று நின்று, திருப்பிச் சொல்லி, அடுத்ததற்குத் தயாராக 5 விநாடி. 15 நிமிடத்தில் அதிகபட்சம் 180 முயற்சி. இருமல், தண்ணீர் பஞ்சு, "திரும்பச் சொல்லுங்க" எல்லாம் போக 120 தேறினால் நல்ல நாள். ஒவ்வொன்றிலும் குரல் ஒலிப்பது அரை விநாடி. ஆக, உண்மையான பேச்சு ஒரு நிமிடம்.

அதனால்தான் பணியை ஒடுக்கமாக வடிவமைக்கிறார்கள். டியூக் ஆய்வில் நோயாளிகள் அர்த்தமில்லாத சிறு சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள். 15 நிமிடச் சோதனையில் கிடைத்த 90 விநாடிப் பேச்சிலிருந்து, ஒட்டுமொத்தமாக 40 சதவீத அளவுக்கு ஒலிகளைச் சரியாகக் கண்டறிந்தது டிகோடர். சொல்லின் முதல் ஒலி "க்" வகையாக இருந்தபோது 84 சதவீதம் வரை போனது. அர்த்தமில்லாத சொற்களுக்கும் காரணம் உண்டு. பழகிய சொல்லாக இருந்தால் டிகோடர் ஒலியைப் படிக்கிறதா, முழுச் சொல்லை நினைவில் வைத்து அடையாளம் காண்கிறதா என்று பிரிக்க முடியாது.

9. சிக்னலை எது கெடுக்கும்?

முதல் எதிரி காட்டரி, அதாவது மின்சாரத்தால் ரத்தக்குழாயைச் சுட்டு மூடும் கருவி. ரத்தக்கசிவை நிறுத்த அதை ஒரு விநாடி அழுத்தினாலும் எல்லா எலக்ட்ரோடும் திணறி, மீள நேரம் எடுக்கும். பதிவு ஓடும்போது காட்டரி மிதியைக் காலுக்கு எட்டாமல் தள்ளிவைத்துவிடுவது நல்ல பழக்கம். அடுத்து மின்கம்பி இரைச்சல்: 50 அல்லது 60 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளும். மடங்குகளில் ஒன்றிரண்டு நேராக உயர்காமாவுக்குள் விழுகின்றன. போர்வை சூடாக்கும் கருவி, படுக்கை மோட்டார், நுண்ணோக்கி விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். நோயாளியின் பாதுகாப்புக்கானதை மட்டும் அணைக்கக்கூடாது.

இரைச்சலைவிட மோசமானது அமைதியாக வரும் கேடு. தாளுக்கு அடியில் மூளைத்தண்டுவட நீர் தேங்கினால் பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகள் ஒரே சிக்னலைக் காட்டத் தொடங்கும். திரையில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் இட நுணுக்கம் போய்விடும். ரத்தம் உறைந்தாலும் காய்ந்தாலும் தொடர்பு விடும். அதற்குச் சலைன் தூவ வேண்டும், ஆனால் தேங்க விடக்கூடாது. உறிஞ்சு குழாயின் சத்தம் மைக்கை மூழ்கடிக்கும் என்பதால் அதையும் பயிற்சி நேரத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நோயாளியின் மயக்கம். மருந்து முழுதாக வெளியேறாதவர் பதில் சொல்வார், ஆனால் ஒரு விநாடி தாமதமாக, குழறலாக. குரல் தொடங்கும் நேரம் முயற்சிக்கு முயற்சி அலைபாயும். அவசரப்பட்டுத் தொடங்குவதைவிட ஐந்து நிமிடம் காத்திருப்பது லாபம்.

10. நோயாளியோட குரலே எலக்ட்ரோடுல பதிவாயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை, இந்தத் துறையில் பலர் தாமதமாகக் கவனித்த உண்மை. குரலின் அதிர்வு மண்டையோடு, கவ்வி, கேபிள், இணைப்பான் வழியாகச் சென்று மிகச் சிறிய மின்னழுத்த மாற்றமாக நுழையலாம். கேபிளே மைக்போல நடந்துகொள்கிறது. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 80 முதல் 180 ஹெர்ட்ஸ். அதாவது நாம் மூளையிடம் தேடும் அதே பட்டை. கவனிக்காவிட்டால் டிகோடர் மூளையை விட்டுவிட்டுக் கேபிள் வழியே குரலைப் படித்து அபார மதிப்பெண் வாங்கிவிடும்.

சோதிப்பது கடினமல்ல. மைக் ஒலியின் நிறமாலையையும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் படம்) ஒவ்வொரு எலக்ட்ரோடின் நிறமாலையையும் நேரத்துக்கு நேரம் ஒப்பிடுங்கள். ஒரே அதிர்வெண்ணில், குரலின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்பற்றும் மெல்லிய கோடு எலக்ட்ரோடிலும் தெரிந்தால் அது மாசு. உண்மையான உயர்காமா பட்டை முழுவதும் பரவி எழும், குரலின் சுருதியைத் துரத்தாது. மாசு கண்ட எலக்ட்ரோடுகளை விலக்க வேண்டும், அல்லது அந்தப் பட்டையைக் கைவிட வேண்டும். எல்லா எலக்ட்ரோடுகளின் சராசரியைக் கழித்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். சுத்தமான எலக்ட்ரோடுக்கும் மாசைப் பரப்பும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

11. சரி, மாசு இல்லேன்னே வச்சுப்போம். அவர் தன் குரலைக் கேக்குறதைத்தானே நீங்க படிக்கிறீங்க?

நல்ல கேள்வி. நேரம்தான் முதல் சாட்சி. இயக்கப் பகுதி குரல் வெளிவருவதற்குச் சில நூறு மில்லிவிநாடி முன்பே எழும். கேட்கும் பகுதி பின்னால் எழும். டிகோடருக்குக் குரலுக்கு முந்தைய பகுதியை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். பொட்டுமடல் எலக்ட்ரோடுகளை நீக்கியும் பார்க்கலாம். இரண்டிலும் முடிவு ஓரளவு நின்றால் உச்சரிப்புத் திட்டம் படிக்கப்படுகிறது என்று சொல்லலாம். ஆழ்மூளைத் தூண்டல் அறுவையின்போது முன்மடலில் பதிந்து 2024-இல் வெளியான ஆய்வில், வாய் திறப்பதற்கு முன்பே வரவிருக்கும் ஒலிகளைப் பிரித்துக் காட்டும் தனி நரம்பணுக்கள் கிடைத்தன.

இன்னொரு வழி, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைக்கச் சொல்வது. 2019-இல் மூளைச் சிக்னலிலிருந்து உச்சரிப்பு அசைவுகளையும் அவற்றிலிருந்து குரலையும் உருவாக்கிய சாங் குழு இதையும் சோதித்தது. தரம் குறைந்தது, ஆனால் வேலை செய்தது. இந்தச் சோதனை 10-ஆம் கேள்வியின் மாசுச் சிக்கலையும் சேர்த்தே தீர்க்கிறது.

12. மனசுல நினைக்கிறதை எல்லாம் படிச்சிடுவாங்களா?

அறுவை மேசையில் இல்லை. அங்கே படிப்பது வாய் அசைவுக்கான கட்டளைகளை. நோயாளி பேச முயலாவிட்டால் அந்தப் பகுதி பெரும்பாலும் அடங்கியே இருக்கும்.

ஆனால் "ஒருபோதும் முடியாது" என்று சொல்வதும் தவறு. நிரந்தரக் கருவி பொருத்தியவர்களிடம், மனதுக்குள் சொல்லிக்கொள்ளும் சொற்களும் அதே பகுதியில் மெலிதாகத் தடம் விடுகின்றன என்று 2025-இல் ஸ்டான்ஃபோர்டு குழு காட்டியது. அதே ஆய்வு, ஒரு கடவுச்சொல்லை மனதில் நினைத்தால்தான் கருவி விழிக்கும் என்ற பூட்டையும் சேர்த்தே சோதித்தது. வார்த்தையாக உருவாகாத நினைவு, ஆசை, ரகசியம் இவற்றைப் படிப்பது வேறு விஷயம். இந்தக் கருவிகளில் எதுவும் அதைச் செய்வதில்லை.

13. ஒரு செய்தியில 97 சதவீதம், இன்னொண்ணுல 40 சதவீதம். எது நிஜம்?

இரண்டும். அளந்தது வேறுவேறு. 97 சதவீதம் என்பது 2024-இல் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகக் குழு, தசைகளைப் படிப்படியாக முடக்கும் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் உள்ள ஒருவரிடம் பெற்றது. அவருக்கு நிரந்தரமாகப் பொருத்திய 256 நுண் எலக்ட்ரோடுகள், மாதக்கணக்கான பயன்பாடு, 1,25,000 சொற்கள் கொண்ட அகராதி, அதோடு அடுத்த சொல்லை ஊகிக்கும் மொழி மாடல் எல்லாம் இருந்தன. 40 சதவீதம் என்பது 8-ஆம் பதிலில் பார்த்த 90 விநாடி. அங்கே மொழி மாடலின் தயவு கிடையாது, ஒவ்வொரு ஒலியும் தனியாக நிற்க வேண்டும்.

எனவே எந்த எண்ணைப் பார்த்தாலும் கேளுங்கள்: ஒலியா, சொல்லா? எத்தனையிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது? பத்து ஒலிகளில் குருட்டாம்போக்கே 10 சதவீதம் தரும், இரண்டில் 50 தரும். மொழி மாடலைக் கழற்றினால் எவ்வளவு? வேகம் எவ்வளவு? 2021-இல் பேச இயலாத ஒருவரிடம் முதன்முதலில் வெளியான 50 சொல் கருவி நிமிடத்துக்கு 15 சொல்தான் தந்தது. 2023-இல் இரண்டு குழுக்கள் 62, 78 என்று எட்டின. இயல்பான உரையாடல் 150-ஐ ஒட்டி ஓடும்.

14. நிரந்தரக் கருவியே இவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னா, தியேட்டர்ல பதினஞ்சு நிமிஷம் பதிவு பண்றது எதுக்கு?

நிரந்தரக் கருவி பொருத்தியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரால் தெளிவாகப் பேச முடியாததால், மூளைச் சிக்னலுக்கு நேராக வைத்துப் பார்க்கத் தெளிவான ஒலியும் இல்லை. தியேட்டரில் நோயாளி தெளிவாகப் பேசுகிறார். புதிய எலக்ட்ரோடு வடிவங்களை மூளைக்குள் விட்டுவைக்காமலே சோதிக்கலாம். எந்த இடைவெளி போதும், எந்த மடிப்பில் வைத்தால் லாபம் என்ற கேள்விகளுக்கு விடை இங்கேதான் மலிவாகக் கிடைக்கிறது.

15. எந்த மொழியா இருந்தாலும் வேலை செய்யுமா? ரெண்டு மொழி பேசுறவங்களுக்கு?

உதடும் நாக்கும் எல்லா மொழிக்கும் பொது என்பதால் அடிப்படை மாறாது. ஒலிப் பட்டியலும் மொழி மாடலும் மாற வேண்டும். சுருதி மாறினால் பொருள் மாறும் சீன மாண்டரினில், இரண்டு அசைகளை நான்கு தொனிகளில் சொல்ல வைத்து, குரல்வளைச் சுருதியையும் அசையையும் தனித்தனியே கண்டறிந்து இணைத்த ஆய்வு 2023-இல் வந்தது. பதிவுகள் விழித்த நிலை அறுவையில் எடுத்தவைதான்.

இருமொழியாளருக்கு மின்தூண்டல் வரைபடம் இரண்டு மொழிக்கும் எடுக்க வேண்டும். ஒரு மொழியில் மட்டும் பெயர் மறக்கும் இடங்கள் உண்டு. பேச்சுப் பதிவைப் பொறுத்தவரை, நோயாளி அன்றாடம் புழங்கும் மொழியில் வைத்தால் தடுமாற்றம் குறையும்.

16. கட்டி இருக்கிற மூளைதானே? அதுல கிடைக்கிறதை எப்படி நம்புறது?

முழுதாக நம்ப முடியாது என்பதே பதில். கட்டி ஊடுருவிய புறணியும் பேசும்போது எழுகிறது, ஆனால் நுணுக்கம் குறைந்து எழுகிறது. சுற்றிலும் வீக்கம் இருந்தால் இயல்பான இடங்கள் நகர்ந்திருக்கும். ஆகவே கட்டி விளிம்பிலுள்ள எலக்ட்ரோடுகளை ஸ்கேன் படத்தோடு ஒப்பிட்டுத் தனியாகக் குறித்து, அவற்றைச் சேர்த்தும் நீக்கியும் முடிவைச் சொல்ல வேண்டும்.

17. நடுவுல வலிப்பு வந்தா?

பதிவின்போது வருவது அரிது. மின்தூண்டலின்போதுதான் ஆபத்து. உடனே தூண்டலை நிறுத்திக் குளிர்ந்த ரிங்கர் என்ற உப்புத் திரவத்தை மூளைமீது ஊற்றுவார்கள், பெரும்பாலும் சில நொடியில் அடங்கிவிடும். இதற்காக அந்தத் திரவம் முன்கூட்டியே பனிக்கட்டியில் தயாராக இருக்கும். வலிப்புக்குப் பிறகு ஆராய்ச்சிப் பதிவைத் தொடர்வதில் பயனில்லை. மூளை சோர்ந்திருக்கும், மருந்தும் கொடுத்திருப்பார்கள். முடிந்தால் பேச்சுப் பதிவைத் தூண்டலுக்கு முன்பே வைத்துக்கொள்வது இதனால்தான்.

18. எங்க அப்பாவுக்கு ஆபரேஷன். ஆராய்ச்சிக்குக் கையெழுத்து கேக்குறாங்க. அவருக்கு என்ன லாபம்?

நேரடி லாபம் எதுவும் இல்லை. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூளை திறந்திருக்கும் நேரம் கால் மணி கூடும். கூடுதலாக ஒரு கருவி மூளையைத் தொடும். கிருமிநீக்கம் செய்ததுதான் என்றாலும் ஆபத்து பூஜ்யம் அல்ல.

கேட்க வேண்டியவை: எத்தனை நிமிடம் கூடும்? கருவி மேற்பரப்பில் மட்டும் இருக்குமா, உள்ளே குத்துமா? குத்துவதென்றால் எப்படியும் வெட்டி எடுக்கப்போகும் திசுவிலா? யார் சொன்னால் நிறுத்துவார்கள்? குரல் பதிவு யாரிடம் இருக்கும்? குரலை வைத்து ஆளை அடையாளம் காணலாம் என்பதால் கடைசிக் கேள்வி முக்கியம். கையெழுத்து அறுவைக்கு முன்பே, மருந்து ஏறாத தெளிவில் வாங்கப்பட வேண்டும். மேசையில் படுத்தபின் "வேண்டாம்" என்று அப்பா சொன்னால் அதோடு முடிந்தது. மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்கக்கூடாது.

19. என் மாடல் 80 சதவீதம் காட்டுது. சந்தோஷப்படலாமா?

120 முயற்சி மட்டும் இருக்கும்போது 80 சதவீதம் வந்தால் முதலில் பயப்பட வேண்டும். பயிற்சித் தரவும் சோதனைத் தரவும் கலந்துவிட்டதா என்று பாருங்கள். வழக்கமான ஓட்டைகள் மூன்று. நல்ல எலக்ட்ரோடுகளை எல்லா முயற்சிகளையும் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு தரவைப் பிரிப்பது. முழுப் பதிவின் சராசரியை வைத்துச் சமப்படுத்துவது. ஒரே சொல் அடுத்தடுத்து வந்திருக்க, முயற்சிகளைக் குலுக்கிப் பிரிப்பது. கடைசியில் சொன்னதில் மாடல் சொல்லைக் கற்பதில்லை. சிக்னல் மெல்ல நகர்வதைக் கற்று, "இது பதிவின் நடுப்பகுதி, ஆகவே இந்தச் சொல்" என்று ஊகிக்கிறது.

சொற்களின் பெயர்களைக் குலுக்கிவிட்டு அதே கணக்கீட்டை முதலிலிருந்து கடைசிவரை நூறு முறை ஓட்டுங்கள். குருட்டாம்போக்கு அளவுக்கு இறங்காவிட்டால் எங்கோ கசிகிறது. பிறகு நோயாளிக்குச் சொல்லை ஒலிக்கவிடுவதற்கு முந்தைய அமைதிப் பகுதியை மட்டும் கொடுங்கள். தன்னிச்சையாக வரிசைப்படுத்திய சொல்லை நோயாளி இன்னும் கேட்கவே இல்லாத நேரத்திலும் மாடல் சரியாகச் சொன்னால் அது மூளையைப் படிக்கவில்லை. குரலையே உருவாக்கும் மாடலாக இருந்தால், நிறமாலை ஒத்துப்போகும் அளவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பேசும் நேரமும் பேசாத நேரமும் பொருந்தினாலே அந்த எண் உயர்ந்துவிடும். ஆய்வைப் பற்றி ஏதும் தெரியாத சிலரிடம் ஒலியைக் கொடுத்துக் கேட்டதை எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதற்கும் நோயாளி சொன்னதற்கும் உள்ள இடைவெளிதான் வெளியிட வேண்டிய எண்.